அப்பாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய காணொலி: எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது?

திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோயாளி. காலை, இரவு மெட்ஃபார்மின் 500 மி.கி. (நீடித்து வேலை செய்யும் வகை), காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. எடுத்துவந்தார். ஐந்து மாதத்துக்கு முன் எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 7.4. கடைசி ரத்தப் பரிசோதனையில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. அந்த வாரமே யூடியூபில் ஒரு காணொலி அவர் கண்ணில் பட்டது. ‘மெட்ஃபார்மின் கிட்னியை அரிக்கிறது, அமெரிக்காவே திரும்பப் பெற்றுவிட்டது, நம் டாக்டர்கள் மறைக்கிறார்கள்’ என்பது அதன் சாரம். அதைப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, அந்தச் சேனல் விற்கும் மூலிகைச் சூரணத்தை மாதம் 1,800 ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிடுகிறார். முதல் மாதம் வெறும் வயிற்றில் 124. இப்போது 196, சாப்பிட்ட பின் 290. ‘உடம்பிலிருந்து விஷம் வெளியேறும்போது சர்க்கரை ஏறித்தான் இறங்கும்’ என்று சேனல்காரர்கள் வாட்ஸ்அப்பில் சமாதானம் சொல்கிறார்களாம்.

மகள் கேட்பவை நான்கு. மெட்ஃபார்மின் உண்மையிலேயே கிட்னியைக் கெடுக்குமா? இணையத்தில் மருத்துவத் தகவலுக்கு எந்தத் தளத்தை நம்பலாம், ஒரு பட்டியல் தர முடியுமா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது? சேனல் மேல் வழக்குப் போடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வாரம் செய்ய வேண்டியது.

அப்பாவை வெறும் வயிற்றில் அழைத்துப்போய் சர்க்கரை, எச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பாருங்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு சர்க்கரை. நிறுத்திய மாத்திரையை நீங்களாகவே பழைய அளவில் தொடங்க வேண்டாம். வாரக்கணக்கில் விட்ட மெட்ஃபார்மினைத் திடீரென்று முழு அளவில் எடுத்தால் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். உடனே ‘பார்த்தாயா, உடம்பு ஏற்கவில்லை’ என்பார் அப்பா. குறைந்த அளவில் சாப்பாட்டோடு ஆரம்பித்து ஏற்றுவதை அவருடைய டாக்டர் முடிவு செய்யட்டும். கிளிமிபிரைடில் இன்னும் கவனம் தேவை. சூரணத்தையும் அதையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. காரணம் கீழே.

நடுவில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அரைமயக்கம் இவற்றில் ஏதாவது வந்தாலோ, சர்க்கரை 300-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ அன்றே மருத்துவமனை. 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. அதை விசாரிக்கும் விதத்திலேயே இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

அந்தக் காணொலியில் வெட்டப்பட்டது

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், பேசுபவருக்குப் பின்னால் ஓர் ஆங்கிலச் செய்தியின் தலைப்பு மட்டும் தெரிகிறது: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மெட்ஃபார்மினைத் திரும்பப் பெறச் சொன்னது என்று. தேதி வெட்டப்பட்டிருக்கிறது. தலைப்புக்குக் கீழே உள்ள பத்திகளும் வெட்டப்பட்டிருக்கின்றன.

செய்தி பொய்யில்லை. 2020 மே மாத இறுதியில் எஃப்.டி.ஏ. ஐந்து நிறுவனங்களிடம், நீடித்து வேலை செய்யும் வகை மெட்ஃபார்மினில் சில தொகுப்புகளைத் திரும்பப் பெறச் சொன்னது. என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் மாசாகக் கலந்திருந்ததுதான் காரணம். அது புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்று கருதப்படுகிறது. நாளொன்றுக்கு 96 நானோகிராம் வரை ஏற்கலாம் என்பது எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் வரம்பு. சில தொகுப்புகளில் அது தாண்டியிருந்தது. ஆக, பிரச்சினை தயாரிப்பில் நுழைந்த மாசு. மெட்ஃபார்மின் என்ற மருந்தின் மேல் யாரும் தடை போடவில்லை, கிட்னி என்ற பேச்சும் அந்த அறிவிப்பில் இல்லை. அதே அறிவிப்பில் இரண்டு விஷயம் தெளிவாக எழுதியிருந்தார்கள்: சாதாரண வகை மெட்ஃபார்மினில் தங்கள் சோதனையில் இந்த மாசு காணப்படவில்லை, டாக்டரைக் கேட்காமல் நோயாளிகள் மாத்திரையை நிறுத்துவது ஆபத்தாகலாம், மாற்று எழுதித் தரும் வரை தொடருங்கள். காணொலியில் வெட்டி எறிந்தது இந்தப் பகுதியைத்தான்.

அப்பா எடுத்ததும் நீடித்து வேலை செய்யும் வகைதானே என்று நீங்கள் பயப்படலாம். திரும்பப் பெறப்பட்டவை அமெரிக்கச் சந்தையில் விற்ற குறிப்பிட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட தொகுப்புகள். சந்தேகம் தீரவில்லை என்றால் டாக்டர் சாதாரண வகைக்கு மாற்றித் தந்துவிடுவார். அதற்காகச் சிகிச்சையையே விட வேண்டியதில்லை.

கிட்னி விஷயத்தில் அதே எஃப்.டி.ஏ. சொன்னது காணொலிக்கு நேர்மாறானது. 2016 ஏப்ரலில் மெட்ஃபார்மினுக்கான கிட்னி கட்டுப்பாட்டை அது தளர்த்தியது. முன்பெல்லாம் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினாலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இப்போது பார்ப்பது ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு. 45-க்கு மேல் இருந்தால் கண்காணித்துக்கொண்டு தொடரலாம். 45-க்குக் கீழே போனால் லாப நஷ்டம் பார்த்து அளவைக் குறைப்போம். 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. கிட்னி பழுதானால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் இருப்பதால்தான் இந்த வரம்பு. அந்த மருந்து கிட்னியை அரிக்கும் என்பதால் இல்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி காணொலிகள் ஓடுகின்றன.

61 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்றால் ஈஜிஎஃப்ஆர் ஏறக்குறைய 57 வரும். கொஞ்சம் குறைவுதான், கவனிக்க வேண்டியதுதான். ஆனால் மெட்ஃபார்மினை நிறுத்தும் இடத்திலிருந்து வெகு தூரம். ஒன்பது வருடச் சர்க்கரையும், இருந்தால் ரத்தக்கொதிப்பும், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளும் கிட்னியைப் பாதிக்கும். அவரைக் கேளுங்கள், வலி மாத்திரை எத்தனை போடுகிறார் என்று.

காணொலியில் ஒரு வாக்கியம் உண்மை என்பதையும் சொல்லியாக வேண்டும். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் பி12 குறையலாம், அதனால் கால் மரத்துப்போகலாம் என்று பேசுகிறார்கள். சரிதான். அதற்குத்தான் மேலே பி12 பரிசோதனை எழுதியிருக்கிறேன். குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிசெய்துவிடலாம்.

ஒரே காணொலியில் ஒரு முழு உண்மை, ஒரு வெட்டிய உண்மை, ஒரு முழுப் பொய். அதனால்தான் ‘எந்தத் தளத்தை நம்பலாம்’ என்ற கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கச் சொல்கிறேன். இந்தத் தளம் நல்லதா என்று பார்ப்பதைவிட, இந்தக் கூற்று எங்கிருந்து வந்தது, அங்கே முழுதாக என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப்போவது பலன் தரும். நல்ல தளத்திலும் உங்கள் அப்பாவின் 57-க்குப் பொருந்தாத அறிவுரை இருக்கலாம்.

அக்கம்பக்கம் விசாரியுங்கள்

‘அப்பா படித்தவர், அறிவியல் ஆசிரியராக இருந்தவர், அவரே ஏமாறுவாரா’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு இதில் ரொம்பக் காப்பாற்றாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் பத்துப் பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, அறுபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர் கொண்ட பெரிய சங்கம். இன்னொன்று அதிலிருந்து பிரிந்து 2002-இல் உருவான, கொள்கைச் சாய்வுள்ள சிறு குழு. பெயர் மட்டும் ஏறக்குறைய அதேபோல். மாணவர்களில் பெரும்பாலோரும் வரலாற்றாசிரியர்களில் பலரும் திணறினார்கள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், வடிவமைப்பைப் பார்த்தார்கள், அடிக்குறிப்பைப் பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடியில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையிடமே ‘நீ நல்லவனா’ என்று கேட்டு முடிவு செய்வோமா? ஊருக்குள் நாலு பேரை விசாரிப்போம். அதேதான் இது.

அந்தச் சேனலைப் பற்றி யூடியூபுக்கு வெளியே தேடுங்கள். சேனல் பெயரோடு ‘புகார்’, ‘போலி’ என்று சேர்த்து ஒருமுறை, பேசுபவரின் பெயரோடு ஒருமுறை. காணொலிக்குக் கீழே உள்ள விவரப் பகுதியைத் திறந்து என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். பயமுறுத்துபவரும் தீர்வை விற்பவரும் ஒருவராகவே இருந்தால் உங்கள் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். அப்பா சொல்லும் ‘டாக்டர்களும் மருந்து கம்பெனிகளும் கூட்டு’ என்ற வாதத்தையும் இதே தராசில் வையுங்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதைக் கட்டுப்படுத்த 2024-இல் மத்திய அரசு ஒரு நடத்தை விதியே கொண்டுவந்தது. ஆனால் மெட்ஃபார்மின் 1957-இலேயே பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து. காப்புரிமை கிடையாது, விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மாத்திரை ஒன்று சில ரூபாய். அரசு மருத்துவமனையில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இதில் கொள்ளை லாபம் யாருக்கு? மாதம் 1,800 ரூபாய் எந்தப் பக்கம் போகிறது என்று அப்பாவே கணக்குப் போடட்டும்.

நீங்கள் நம்பிய அடையாளங்கள்

உங்கள் கடிதத்தில் ‘இதெல்லாம் இருந்தால் நம்பலாம் என்று நினைத்தேன்’ என்று சிலவற்றை எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. எம்.பி.பி.எஸ். படித்தவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரோ பதிவு எண்ணோ போட்டால் எந்த மாநிலக் கவுன்சிலில், எந்த ஆண்டு பதிந்தார் என்று வரும். சித்த மருத்துவர் என்றால் அதற்குரிய கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், உண்மையான மருத்துவர் பதிவு எண்ணைச் சொல்லக் கூச்சப்பட மாட்டார். இந்தச் சேனல்காரர் ‘ஊட்டச்சத்தில் டாக்டரேட்’ என்கிறார். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எது? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை பல்கலைக்கழக மானியக் குழுவே வெளியிடுகிறது, அதில் தேடலாம். பட்டம் அசலாகவே இருந்தாலும் அது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் தகுதி ஆகாது.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். பலர் தடுக்கி விழும் இடம் இது. 14 இலக்க எண் உணவு வியாபாரம் செய்வதற்கான உரிமம் அல்லது பதிவு, அவ்வளவுதான். மிக்சர் பாக்கெட்டிலும் அது இருக்கிறது. அந்தப் பொடி சர்க்கரையைக் குறைக்குமா என்று யாரும் சோதித்துக் கொடுத்த எண் இல்லை. உணவு என்று உரிமம் வாங்கியவர் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. மருந்து என்றால் சித்த, ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கான மாநில உரிம எண் வேண்டும், அது டப்பாவில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் உணவு எண் மட்டும்தான் இருக்கிறது. அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

முகவரியில் பூட்டுப் படம், கடைசியில் டாட் ஆர்க். பூட்டு என்றால் உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே பொருள். மோசடித் தளத்துக்கும் பூட்டு உண்டு. டாட் ஆர்க் முகவரியைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் கவ் டாட் இன் மட்டும் அரசு அமைப்புகளுக்குத்தான்.

பன்னிரண்டு லட்சம் பார்வை, ஆயிரக்கணக்கில் நன்றிப் பின்னூட்டம். பலன் கிடைக்காதவர் வந்து எழுதுவதில்லை. எழுதினாலும் அதை நீக்கும் வசதி சேனல்காரரிடமே இருக்கிறது.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’. சூரணத்தில் ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம் என்று போட்டிருக்கிறது. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று நம் வாயில் பழகிப்போன வரியையும் காணொலியில் எடுத்துவிட்டார்கள்; அப்பாவுக்கு அது போதும். ஆவாரம்பூச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் இருப்பது நிஜம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளை ஊசியில் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, சர்க்கரை வரவழைத்த எலிகள். உங்கள் அப்பாவின் சர்க்கரை வேறு வகையில் வந்தது. வெந்தயத்துக்கு மனிதர்களில் சிறு ஆய்வுகள் உண்டு; கொஞ்சம் குறைக்கலாம். அதைச் சமையலில் சேர்த்துக்கொள்ளட்டும், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம். ஆய்வு என்று யார் சொன்னாலும் எலியா மனிதனா, எத்தனை பேர், எத்தனை மாதம், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற நாலு கேள்வி போதும். முக்கால்வாசிக் காணொலிகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

‘இயற்கை, பக்கவிளைவே இல்லை’. இதுதான் கிளிமிபிரைடு பற்றி எச்சரித்ததற்குக் காரணம். உரிமம் இல்லாத மூலிகைப் பொடிகளில் வேலை காட்டுவதற்காக அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலக்கும் பழக்கம் உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற கள்ள மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. கிளிமிபிரைடு அதே குடும்பம். உங்கள் பொடியில் கலப்படம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களும் இப்படிப்பட்ட சில பொடிகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. கிட்னிக்குப் பயந்து மாத்திரையை விட்டவர் சோதிக்கப்படாத பொடியைத் தினமும் விழுங்குவதுதான் இதில் வேதனை. ஆகவே டாக்டர் மாத்திரையை மீண்டும் தொடங்கும் அன்று பொடி நிற்க வேண்டும். அடுத்த சில நாள் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

முதல் மாதம் குறைந்தது எப்படி?

அப்பாவின் நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மாத்திரை எடுத்தபோது வெறும் வயிற்றில் 132, பொடிக்கு மாறிய முதல் மாதம் 124. ‘என் உடம்பே சாட்சி’ என்கிறார்.

வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலக அனுமதிக்கிறது. 132-க்கும் 124-க்கும் உள்ள வித்தியாசம் ஆறு சதவீதம். ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு முறை குத்தினாலே அந்த வித்தியாசம் வரலாம். அதோடு, பொடியுடன் சேர்த்து இரவுச் சோற்றை நிறுத்தச் சொன்னார்கள், முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். அப்பா நடந்தார். அந்த வேலையைச் செய்தது நடையும் விட்ட சோறும். பேர் பொடிக்குப் போனது. பிறகு பொங்கல் வந்தது, நடை நின்றது, இரவுச் சோறு திரும்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 196 வந்துவிட்டது.

எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாத சராசரியைக் காட்டும். ஒரு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அப்பாவிடம் பேச இதுவே நல்ல வழி. ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால், நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் வீம்புக்காகவே பொடியைத் தொடர்வார். ‘பொடி வேலை செய்தால் எச்பிஏ1சி 7.4-க்குக் கீழே இருக்கணும், ஏறியிருந்தால் வேலை செய்யலைன்னு அர்த்தம், சரியாப்பா?’ என்று பரிசோதனைக்கு முன்பே அவர் வாயால் ஒப்புக்கொள்ள வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு பேசினால் ‘விஷம் வெளியேறுகிறது’ என்ற சமாதானம் தயாராக இருக்கும். முன்கூட்டியே அளவுகோலை ஒப்புக்கொண்டவர் பிறகு மாற்றிப் பேசக் கூசுவார், அதிலும் ஆசிரியர். தேடுவதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலேயே செய்யுங்கள், எஃப்.டி.ஏ. அறிவிப்பின் வெட்டப்பட்ட பத்தியை அவரே கண்டுபிடித்தால் உங்கள் வாய் வலிக்காது.

தேடும்போது

‘மெட்ஃபார்மின் கிட்னி பாதிப்பு’ என்று தேடியதாகவும், எல்லாம் பயமுறுத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். கேள்வியிலேயே பதிலை வைத்துத் தேடினால் அந்தப் பதில்தான் வந்து நிற்கும். ‘மெட்ஃபார்மின் ஈஜிஎஃப்ஆர் அளவு வழிகாட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கூகுளில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம்; ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் அந்தத் தளத்தின் முகவரியைச் சேர்த்து, பிறகு உங்கள் சொல்லைப் போடுங்கள். வெட்டிய தலைப்பு போன்ற படங்களுக்கு கூகுள் லென்ஸ்: ஸ்கிரீன்ஷாட்டை அதில் போட்டால் முழுச் செய்தி எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நீங்கள் கேட்ட பட்டியலும் இதோ. நோய், மாத்திரை பற்றிய அடிப்படைத் தகவலுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ், பிரிட்டன் அரசின் என்.எச்.எஸ். தளம் இரண்டும் போதும். பக்கத்தின் அடியில் எப்போது மறுபரிசீலனை செய்தார்கள் என்ற தேதி இருக்கும்; அதைப் பார்க்காமல் படிக்க வேண்டாம். நம் ஊர் உணவுக்கு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வெளியீடுகள். ஆய்வுகளின் தொகுப்புக்கு காக்ரேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு கட்டுரை இருப்பது அதற்கு யாரோ முத்திரை குத்தியதாக ஆகாது. அது ஒரு பெரிய பட்டியல், எலிக் கட்டுரையும் அதில்தான் இருக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு அங்கே அறிவிப்புப் போட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

ஏ.ஐ.யிடம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடினமான ஆங்கிலப் பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்ல நல்ல உதவி. ஆனால் இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சேர்த்துச் சரளமாகச் சொல்லக்கூடியது அது. ஆதாரம் கேளுங்கள், கொடுத்த இணைப்பைத் திறந்து அந்த வரி உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் மாத்திரை அளவை அதனிடம் முடிவு செய்ய வேண்டாம்.

வழக்கும் புகாரும்

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. பட்டியலில் சர்க்கரை நோய் உண்டு. முதல் தடவை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். யூடியூப் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய சட்டமாயிற்றே என்று தோன்றும். ஆனால் வாயால் சொல்வது, ஒலி, ஒளி, ஏன் புகை மூலம் செய்யும் அறிவிப்பு வரை விளம்பரம் என்றே அது வரையறுத்திருக்கிறது.

‘இது தகவலுக்காக மட்டுமே, மருத்துவரை அணுகவும்’ என்று காணொலியின் ஓரத்தில் போட்டுவைத்திருப்பதால், பேசியவர் மேல் நஷ்டஈடு கேட்டு நிரூபிப்பது எளிதில்லை. அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொடியை விற்றதை மறுக்க முடியாது. அந்தப் பக்கம் பிடி வலுவாக இருக்கிறது. உணவு உரிமத்தில் மருந்து விற்பதற்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், நோயைக் குணப்படுத்தும் என்ற விளம்பரத்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

புகாருக்கு முன்பே காணொலியின் இணைப்பு, பதிவான தேதி, ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் நிமிடம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். புகார் போனதும் காணொலி மறைந்துவிடும். மீதியிருக்கும் பொடியைக் கொட்டிவிடாமல், தொகுதி எண் தெரிய, டப்பாவோடு மூடி வையுங்கள். பரிசோதனைக்கு அனுப்ப அதுதான் வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அந்த டப்பாவை எடுத்துப்போங்கள். என்ன சாப்பிட்டார் என்று அப்பா அங்கே வாய் திறக்க மாட்டார்.